பொலிகாளைக்குத் தீனி

திங்கட்கிழமை விடிந்தபோது காளை இல்லை.

கயிறு அறுபடவில்லை. முளைக்குச்சியில் போட்டிருந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்திலேயே காளையின் கழுத்து மணி கிடந்தது. சத்தம் வராதபடி மணி நாக்கில் வைக்கோல் சுற்றியிருந்தது. சேவுகன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். மாட்டுக் களவுத் தொழில் தெரிந்தவன் ஊரார் கயிற்றில் மாட்டை ஓட்டமாட்டான். தன் கயிற்றைக் கொண்டுவருவான். இதெல்லாம் சேவுகனுக்குத் தெரியும். அவனுடைய அப்பன் கருத்தான் உயிரோடு இருந்தவரை அந்தத் தொழிலில் பேர் எடுத்தவன்.

போனது சாதாரண மாடு இல்லை. சர்க்கார் கொடுத்த காங்கேயத்துப் பொலிகாளை. வைகாசியில் லாரியில் வந்து இறங்கியது. சுற்றி எட்டு ஊர்ப் பசுக்களுக்கும் இனாமாகச் சேர்க்கவேண்டும் என்று சொல்லி, எருக்கலம்பட்டி வாலிபர் மன்றத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மன்றத்தின் காரியதரிசி சேவுகன்தான்.

எருக்கலம்பட்டி மேலத்தெருவுக்கு ஒரு ராசி உண்டு. திருமயம் வட்டாரத்தில் எங்கே எது களவு போனாலும் போலீஸ் வேன் நேரே அந்தத் தெருவுக்கு வரும். மீசை முளைத்தவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். ரெண்டு நாள் வைத்திருந்து விட்டுவிடும். செய்தவனும் ஏறுவான், செய்யாதவனும் ஏறுவான். எப்படியும் அடி விழப்போகிறது, செய்துவிட்டே வாங்கலாம் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. சேவுகன் பதினேழு வயதில் முதல் தடவை வேன் ஏறினான். அப்போது அவன் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வருஷம் செய்தான்.

ஊர் முன்னேற்ற வேலைக்குச் சர்க்கார் அனுப்பிய கிராம சேவக் முத்துராமன் வந்து மன்றம் வைத்த பிறகுதான் இது நின்றது. காலேஜில் படித்தவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டது. வாடகை வீட்டில் ரெண்டு தட்டு வைத்திருந்தார். ஒன்றில்தான் சாப்பிடுவார். கழுவும்போது ரெண்டையும் கழுவுவார்.

அவர் ஸ்டேஷனுக்குப் போய் சப் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். “ஒரு வருஷம் இந்தத் தெருப் பையன்களைத் தொடாதீங்க. என் பொறுப்பு.”

சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். “சரி, பொங்கலுக்குப் பொங்கல். நடுவுல மன்றத்து ஆளு பேர்ல ஒரு களவு வந்துச்சுன்னா மன்றத்துக்குப் பூட்டு. நான் வேனை எடுத்துக்கிட்டு வந்துருவேன்.”

அதன் பிறகு வேன் வரவில்லை. வாலிபால் வந்தது. ரேடியோ வந்தது. காளை வந்தது. மேலத்தெருவில் பொழுது போன பிறகு எந்த வீட்டிலும் ஆள் குறையவில்லை. தாய்மார்கள் அதைத்தான் முதலில் கவனித்தார்கள்.

இப்போது புரட்டாசி. பொங்கல் தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை வட்டார வளர்ச்சி அதிகாரி, பி.டி.ஓ., காளையைப் பார்க்க வருகிறார். சப் இன்ஸ்பெக்டரும் கூட வருகிறார்.

காலிக் கொட்டகையைச் சுற்றி மன்றத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவர் ஆண்டிச்சாமி வந்தார். கீழத்தெரு சம்சாரி, பெரிய மனுஷர்.

“நேத்து காவல் எவன்?”

“நான்தாங்க,” என்றான் செல்லமுத்து. “லேசாக் கண்ணசந்துட்டேன்.”

“லேசா அசந்தியாக்கும்! அம்மாம் பெரிய உருப்படி பக்கத்துல எந்திரிச்சுப் போயிருக்கு. ஒன்னைத் தூக்கிட்டுப் போயிருந்தா ஊருக்கு நட்டமில்லே.”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, ஆகுறதைப் பாப்போம். சந்தையில மலையாண்டியைப் பாத்துத் துப்புச் சொல்லச் சொல்லுவோம்.”

அந்தப் பக்கத்தில் மாடு போனால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. தரகன் மலையாண்டியிடம் போவார்கள். ‘கேட்டுப் பாக்குறேன்’ என்பான் அவன். பேசிய துப்புக்கூலியை அவனிடம் கொடுத்தால், மறுநாள் ஏதாவதொரு கண்மாய்க் கரையில் மாடு கட்டிக் கிடக்கும். ஓட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். யார் எடுத்தது என்று கேட்பது மரியாதை இல்லை. ராஜா காலத்திலிருந்து அப்படித்தான்.

“சேவுகா, நீயே போயிட்டு வா,” என்றார் ஆண்டிச்சாமி. “ஒங்கப்பனோட கூட்டாளிதானே அவன். பாத்து வாங்குவான்.”

அவர் குத்திப் பேசவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

“கூலி கொடுத்தா காளை வருங்க,” என்றான் சேவுகன். “வெள்ளிக்கிழமை தாண்டுவோம். ஐப்பசியில மறுபடி போகும். கொடுக்குற இடம்னு தெரிஞ்சுக்கிட்டா விடமாட்டாங்க. எங்கப்பன் விட்டதில்லை.”

“அப்பப் போலீசுக்குப் போவமா?”

புகார் கொடுத்தால் வேன் முதலில் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முத்துராமன் சைக்கிளில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். சுருட்டிய கயிற்றைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் ஒண்ணும் எழுதல,” என்றார். “அன்னிக்குக் கேட்டா பொய் சொல்லமாட்டேன்.”

சைக்கிளைத் திருப்பிக் கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். “சேவுகா, நீ எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்.”

“யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா சார்?”

“யாரும் சொல்லல. அதனாலதான் சொல்றேன்.”

செவ்வாய்க்கிழமை காலையில் பாதிரிக்குளத்து இன்னாசியம்மாள் ஒரு சிவப்புப் பசுவை இழுத்துக்கொண்டு, இல்லை, பசு அவளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. காளையைத் தேடி ஊரே கேட்கக் கத்திக்கொண்டு வந்தது அந்தப் பசு.

“தம்பி, காளை எங்க?”

“ஒடம்பு சரியில்லீங்க. வெளியூர் போயிருக்கு.”

“ஒடம்பு சரியில்லாமத்தான் வெளியூர் போச்சா? விருந்தாடியா அது?” இன்னாசியம்மாள் புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நேத்துலேர்ந்து ஒரே கத்து. எங்க வீட்டுக்காரரு காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு. இப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போனா என்னையும் சேத்து முளையில கட்டிருவாரு.”

சேவுகன் மோர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்லி அனுப்பினான். அவள் போய்ச் சேர்வதற்குள் வேறொரு ஊரிலிருந்து ரெண்டு பசு. புதன்கிழமையும் அதே கதை. வடக்கேயிருந்து ஒருவன், ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஆளுக்கொரு பசு, ஆளுக்கொரு வசவு. காளை போன செய்தியை மன்றம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேவுகன் காலிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை மத்தியானம், கூழ்ச் சட்டி கையில் இருக்கும்போது அவனுக்கு உறைத்தது. சட்டியைக் கீழே வைத்தான். சிரித்தான்.

“என்னடா?” என்றான் பக்கத்திலிருந்த மன்றத்துப் பையன் வீரய்யா. “புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

“வீரய்யா, எல்லா ஊர்ப் பசுவும் வந்துச்சு. பக்கத்துத் தாழைவயல் பசு ஒண்ணு கூட வரலை.”

“வரலேன்னா?”

“போன சனிக்கிழமை அந்த ஊரு ராசாத்தி அக்கா வந்துச்சுல்ல? வெள்ளைப் பசுவை செவ்வாக்கிழமை கொண்டாருவேன், காளையை வேற எதுக்கும் விட்றாதேன்னு சொல்லிட்டுப் போச்சு. வந்துச்சா?”

வீரய்யா யோசித்தான்.

“வாரத்துக்கு நாலு பசு அந்த ஊர்லேர்ந்து வரும்,” என்றான் சேவுகன். “இந்த வாரம் மட்டும் அதுகளுக்குக் கத்த மறந்துபோச்சா? காளை அங்கதான் நிக்குது.”

ஆண்டிச்சாமிக்குச் செய்தி போனதும் கம்பு எடுத்தார். இருபது பேர் போய் ஊரையே புரட்டிக் காளையை ஓட்டி வரலாம் என்றார். சேவுகன் கையெடுத்துக் கும்பிட்டான். “கம்போட போனா மண்டை உடையும். மண்டை உடைஞ்சா வேன் வரும். என்னை ஒரு தடவை போக விடுங்க.”

“கூலி கொண்டு போறியா?”

“இல்லீங்க. தீனி கொண்டு போறேன்.”

வியாழக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு சேவுகன் கண்மாய்க் கரை வழியே தாழைவயலுக்கு நடந்தான். வீரய்யா கூட வந்தான்.

ஊர் முகப்பில் கிணறு. பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி அவனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே புங்கமரத்தடியில் நாகராசும் அவனுடைய சேக்காளிகளும் இருந்தார்கள். நாகராசுக்கு சேவுகன் வயதுதான். அவன் அப்பனும் கருத்தானோடு சேர்ந்து தொழில் செய்தவன்.

“சுமையோட எங்கிட்டு?” என்றான் நாகராசு.

“காளைக்குத் தீனி. மூணு நாளா என்னத்தைப் போட்டீங்களோ. அது சர்க்கார் காளை, வெறும் வைக்கோல் திங்காது.”

“எந்தக் காளை?”

“ராசாத்தி அக்காவோட வெள்ளைப் பசு செவ்வாக்கிழமை எந்தக் காளையைப் பாத்துச்சோ, அந்தக் காளை.”

கிணற்றடியில் வாளி கயிற்றோடு உள்ளே விழுந்தது. அத்தனை பெண்களும் சிரித்தார்கள். “அடப்பாவி, என் பசுவை ஏண்டா நாலு பேரு நடுவுல இழுக்குறே?” என்று ராசாத்தி கத்தினாள்.

நாகராசு சிரிக்கவில்லை. “கூலி கொண்டாந்தியா?”

“இல்லை.”

“அப்பச் சுமையை வச்சுட்டு நட. நாளைக்கு ஒங்க அதிகாரிக்கு வெறுங் கொட்டாயைக் காட்டு. காளை சனிக்கிழமை மணப்பாறை தாண்டிரும்.”

“ஏண்டா? ஊர்ல எத்தனையோ மாடு இருக்கு. எங்க காளைதான் ஒன் கண்ணுல பட்டுச்சா?”

நாகராசு எழுந்து நின்றான். “மாசியில நாங்க அஞ்சு பேரு ஒங்க ஊருக்கு வந்தோம், பந்து ஆட. நீ என்ன சொன்னே?”

சேவுகனுக்கு ஞாபகம் இருந்தது. “வெளியூர் ஆளு கிடையாதுன்னேன். ரூல்.”

“பாதிரிக்குளத்துப் பயலுக அன்னிக்கு ஆடிக்கிட்டு இருந்தாங்க. அது ஒங்க ஊர்த் தெருவா?”

அந்த ரூலைப் போட்டது சேவுகன்தான். தாழைவயல் ஆட்கள் பேர் கெட்டவர்கள். அவர்களோடு சேர்ந்தால் மன்றத்தின் மேல் கறை விழும் என்று பயந்தான். தன் தெருவைப் பற்றி ஊர் என்ன நினைத்ததோ அதையே அவன் தாழைவயலைப் பற்றி நினைத்தான்.

“இன்னொண்ணு கேளு,” என்றான் நாகராசு. குரல் தணிந்திருந்தது. “ஒங்க தெருவுக்கு வந்த வேன் நின்னுபோச்சே, அது எங்க போச்சுன்னு என்னிக்காச்சும் நினைச்சியா? இங்கிட்டு வருது. முந்தி ரெண்டு ஊரும் சேந்து ஏறுவோம். வேன்ல பேசிச் சிரிச்சுக்கிட்டாச்சும் போவோம். இப்ப நாங்க மட்டும் ஏறுறோம். நீங்க ரேடியோ கேக்குறீங்க.”

சேவுகன் மூட்டையை இறக்கி வைத்தான். அதன் மேலேயே உட்கார்ந்தான். வீரய்யா அவன் முகத்தைப் பார்த்தான். வழியெல்லாம் என்னவோ பேசத் தயார் செய்துகொண்டு வந்தவன், அதை விட்டுவிட்டான் என்று தெரிந்தது.

“காளை இங்கயே இருக்கட்டும்,” என்றான் சேவுகன்.

“என்னது?”

“வாரத்துல பாதி இங்கிட்டு, பாதி அங்கிட்டு. கூலி ஒரு காசு தரமாட்டேன். ஆனா காளையை வச்சுக்க. கொட்டாயி போடு. நாளைக்கு அதிகாரி கேட்டா, காளை தாழைவயல்ல இருக்குன்னு சொல்லுவேன். ஜீப்பு இங்க வரும்.”

“சப் இன்ஸ்பெக்டரும் வருவாரு. நோகாம மாட்டி விடுறியா?”

“அவரு வாரப்ப காளை கட்டுத்தறியில நின்னா நீ காளை வளக்குறவன். இல்லேன்னா நான் பொய்யன், நீ களவாணி. ரெண்டு பேரும் பழையபடி ஒரே வேன்ல பேசிக்கிட்டுப் போகலாம்.”

கிணற்றடியிலிருந்து ராசாத்திதான் பேசினாள். “நாகராசு, காளை மட்டும் சந்தைக்குப் போச்சுன்னா, என் தங்கச்சி ஒனக்குக் கிடையாது. நல்லாக் கேட்டுக்க. என் ரெண்டாவது பசு இன்னும் பாக்கி நிக்குது.”

சேவுகன் எழுந்தான். காளையைக் காட்டு என்று கேட்கவில்லை. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். கண்மாய்க் கரை ஏறியதும் வீரய்யா பொருமினான். “காளையைக் கண்ணாலகூடப் பாக்கலை. இருந்த புண்ணாக்கும் போச்சு. கெட்டிக்காரன்டா நீ.”

மறுநாள் விடியற்காலையிலேயே சேவுகன் முத்துராமனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவன் ஓட்டிட்டுப் போயிட்டா?”

“வேன் ஏறுவேன் சார்.”

முத்துராமன் ரெண்டாவது தட்டை எடுத்து இட்லி வைத்து அவனிடம் நீட்டினார். “சாப்பிடு. ஏறினா நானும் வாரேன்.”

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பி.டி.ஓ. இறங்கிக் கொட்டகையைப் பார்த்தார். சப் இன்ஸ்பெக்டர் சேவுகனைப் பார்த்தார்.

“காளை எங்கப்பா?”

“தாழைவயல்ல இருக்கு சார்.”

“யாரு கொண்டு போனது?”

ஆண்டிச்சாமி கண்ணால் ‘வேண்டாம்’ என்றார். ஆனாலும் சேவுகன் சொன்னான். “அந்த ஊரு ஆளுங்க ஓட்டிக்கிட்டுப் போனாங்க சார். எங்களைக் கேக்கலை. கேட்டிருந்தா நாங்க கொடுத்திருக்க மாட்டோம். எட்டு ஊருக்குன்னு கொடுத்த காளையை எங்க காளைன்னு நினைச்சுட்டோம். அவங்களை மன்றத்துல சேக்கவும் இல்லை.”

“கேக்காம ஓட்டிட்டுப் போறதுக்குப் பேரு என்னன்னு ஒனக்குத் தெரியுமில்ல?” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

முத்துராமன் குறுக்கே வந்தார். “புகார் ஒண்ணும் இல்லை சார். போய்ப் பாப்போம். காளை அங்க இல்லேன்னா நானே எழுதித் தரேன். அது வரைக்கும் இது களவு இல்லை.”

அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

ஜீப்பின் பின்பக்கம் சப் இன்ஸ்பெக்டருக்கு எதிரே சேவுகன் உட்கார்ந்தான். போலீஸ்காரரோடு வண்டியில் போவது அவனுக்குப் புதிதில்லை. பலகையில் உட்கார்ந்து போவது புதிது.

கிணற்றடியில் பெண்கள் யாரும் இல்லை. புங்கமரத்தடியிலும் ஆள் இல்லை. மரத்தின் வேரில் புண்ணாக்குச் சாக்கு காலியாகக் கிடந்தது. சேவுகன் சாக்கையே பார்த்தான். காளை தின்றதா, விற்றுவிட்டார்களா? சப் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

“அங்க பாருங்க,” என்றார் முத்துராமன்.

ஊருக்குப் பின்னால், கண்மாய்க் கரையை ஒட்டி, புதுக் கொட்டகை. பச்சை மாறாத பனையோலை. இன்னும் ஒரு பக்கம் வேய்ந்து முடியவில்லை. மேலே ரெண்டு பேர் ஓலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையோரத் தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் காளை நின்றது. நாகராசு வைக்கோல் பிரியால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நாகராசு ஜீப்பைப் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான். அவன் உடம்பு தானாகத் திரும்பியது. ஒரு கால் தண்ணீரிலிருந்து மேலே வந்துவிட்டது. ஓடப்போகிறான் என்று சேவுகன் நினைத்தான். அவன் ஓடியிருப்பான். ஆனால் கை காளையின் திமிலில் இருந்தது. கை எடுபடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு காலை மறுபடி தண்ணீரில் வைத்து, குனிந்து, தேய்க்க ஆரம்பித்தான்.

பி.டி.ஓ. கரையில் நின்றபடியே கேட்டார். “தீனி சரியாத் திங்குதா?”

“புண்ணாக்குப் போட்டோம் சார். முழுச் சாக்கையும் முடிச்சிருச்சு. நிறுத்தத் தெரியலை அதுக்கு.”

“அளவாப் போடணும்ப்பா. முத்துராமன், இங்கயும் ஒரு மன்றம் வச்சா என்ன?”

“வைக்கலாம் சார்.”

அவர்கள் கொட்டகையைப் பார்க்கப் போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் சேவுகனைத் தனியே கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லு. துப்புக்கூலி எவ்வளவு?”

“கூலி இல்லீங்க. ஒரு மூட்டை புண்ணாக்கு.”

“அதுவும் கூலிதானேடா?”

“காளைதானுங்க தின்னுச்சு. ஆளு திங்கலையே.”

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். சிரிப்பை மறைக்கத் தடவினாரா, தெரியவில்லை. “பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கு,” என்றார்.

“ரெண்டு ஊருக்கும் சேத்துங்களா?”

“நீ பெரிய ஆளுடா.” ஜீப்பை நோக்கி நடந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “சேத்துத்தான்.”

கார்த்திகையில் வேறொரு ஊரில் ஒரு ஜோடி உழவு மாடு களவு போனது. சேதி எருக்கலம்பட்டிக்கு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் ரெண்டு ஊர்ப் பையன்களும் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாகராசு அடித்த பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பெரிய சண்டை. முத்துராமன் விசிலை வாயில் வைத்தபடி தீர்ப்புச் சொல்லாமல் நின்றார்.

ரோட்டில் காக்கி தெரிந்தது. ஏட்டையா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

சண்டை அப்படியே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செல்லமுத்துவின் கண் வரப்புப் பக்கம் போனது. ஓடக்கூடாது என்று சேவுகன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பந்து நாகராசு கையில் இருந்தது. அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

ஏட்டையா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“தம்பிகளா, காளை இன்னிக்கு இந்த ஊர்லயா, தாழைவயல்லயா? எங்க வீட்டுப் பசு காலையிலேர்ந்து கத்துது. அம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டேங்குது.”

செல்லமுத்துவின் கண் வரப்பிலிருந்து திரும்பி வந்தது.

“இன்னிக்கு எங்க ஊரு,” என்றான் நாகராசு. “ஓட்டிக்கிட்டு வாங்க ஏட்டையா. ஆனா முன்னால மூணு பசு நிக்குது. வரிசையிலதான் விடுவோம்.”

பிறகு பந்தை மேலே எறிந்தான்.